அரசின் பற்றாக்குறையும் கடனும்: சிவகாசி வட்டாரத்துக்கு ஒரு திறந்த மடல்



ஓர் அரசு ஓராண்டில் ஈட்டும் வருவாயைவிடக் கூடுதலாகச் செலவிட்டால் அது பற்றாக்குறை. குறைவாகச் செலவிட்டால் உபரி. பற்றாக்குறையை அடைக்க ஆண்டுதோறும் வாங்கிய கடனில், திருப்பிக் கட்டியது போக மீதி நிலுவைக் கடனாக நிற்கிறது. பற்றாக்குறை ஓராண்டின் கணக்கு. நிலுவைக் கடன் பல ஆட்சிகள் சேர்த்துவைத்த கணக்கு. தேர்தல் மேடைகளில் இந்த இரண்டும் ஒன்றாகவே பேசப்படுவதால், எந்த அரசு எவ்வளவு கடன் வாங்கியது என்ற கேள்விக்கே தெளிவான விடை கிடைப்பதில்லை.

தமிழ்நாட்டின் 2025-26 வரவு செலவுத் திட்டம் இதைப் படிக்க நல்ல சான்று. 2025 மார்ச் 14 அன்று அதைச் சட்டமன்றத்தில் தாக்கல் செய்தவர், விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழித் தொகுதியிலிருந்து தேர்வான அன்றைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு. அதன்படி மாநிலத்தின் வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய். வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. இரண்டுக்கும் இடையிலான 41,635 கோடிதான் வருவாய்ப் பற்றாக்குறை. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம், உதவித்தொகை ஆகியவை வருவாய்ச் செலவில் அடங்கும். சாலை, பாலம், அணை, மருத்துவமனைக் கட்டடம் போன்று நிலைத்து நிற்பவை மூலதனச் செலவு. அதற்கு ஒதுக்கப்பட்டது 57,231 கோடி. இவற்றோடு அரசு பிறருக்குக் கொடுக்கும் நிகரக் கடனையும் சேர்த்தால் வருவது நிதிப் பற்றாக்குறை: 1,06,963 கோடி ரூபாய். அந்த ஆண்டில் புதிதாக வந்து சேரும் நிகரக் கடனும் ஏறத்தாழ இதே அளவுதான்.

நிதிப் பற்றாக்குறையைவிட, அதற்குள் வருவாய்ப் பற்றாக்குறைக்கு எவ்வளவு பங்கு என்பதே முக்கியம். மேற்கண்ட கணக்கில் கடனாக வரும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சுமார் 39 ரூபாய் அன்றாடச் செலவின் ஓட்டையை அடைக்கப் போகிறது. பட்டாசு ஆலை நடத்துபவர் கடன் வாங்கிக் கிட்டங்கி கட்டினால் அந்தக் கிட்டங்கியே கடனை அடைக்க உதவும். சனிக்கிழமைக் கூலி போடுவதற்கே வாரந்தோறும் கடன் வாங்கினால் ஆலை நிலைக்காது. ஆனால் ஆலைக்கும் அரசுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அரசு வரி விதிக்கலாம். அதற்கு ஆயுள் முடிவு இல்லை. பழைய கடனைப் புதுக் கடனால் மாற்றிக்கொண்டே போகலாம். ஆகவே கடன் முழுவதையும் ஒருநாள் அடைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எந்த அரசுக்கும் இல்லை. வட்டியைத் தாங்கும் வலிமை இருக்கிறதா என்பதே அதற்கான சோதனை.

தமிழ்நாடு உபரி கண்ட மாநிலம்தான். 2011-12, 2012-13 ஆண்டுகளில் அதன் வருவாய்க் கணக்கு உபரியில் நின்றது. 2013-14 முதல் பற்றாக்குறை தொடர்கிறது. 2017 ஜனவரியில் மத்திய அரசின் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது, மின் பகிர்மானக் கழகத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. மின்கட்டணத்துக்கும் மின்சாரம் வாங்கும் செலவுக்கும் இடையே பல ஆண்டுகளாக விழுந்த இடைவெளி அப்படித்தான் அரசுக் கணக்குக்குள் நுழைந்தது. பொதுத்துறை நிறுவனங்களின் கடன் பட்ஜெட் புத்தகத்தில் நேராகத் தெரியாவிட்டாலும், கடைசியில் அதைச் சுமப்பது அரசே என்பதற்கு இது சான்று. பிறகு கொரோனா வந்தது. 2020-21இல் வருவாய்ப் பற்றாக்குறை 61,000 கோடியைத் தாண்டியது. 2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை இந்த வரலாற்றை வரிசைப்படுத்தியது. ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் கடன் என்று ஊரெங்கும் பேசப்பட்ட எண் அந்த அறிக்கையில் இடம்பெற்றதுதான்.

பற்றாக்குறைக்குச் செலவு மட்டும் காரணம் அல்ல. வரவு எங்கே போய்ச் சேர்கிறது என்பதும் காரணம். இதற்குப் பட்டாசைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலையில் வந்தபோது பட்டாசுக்கு 28 விழுக்காடு விதிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் 18 ஆகக் குறைந்தது. இந்த வரி, பொருள் உற்பத்தியாகும் இடத்துக்கு அல்ல, நுகரப்படும் இடத்துக்கே உரியது. சிவகாசியிலிருந்து 100 ரூபாய்ப் பட்டாசு மதுரைக்குப் போனால் 9 ரூபாய் மாநிலத்துக்கும் 9 ரூபாய் ஒன்றியத்துக்கும் சேரும். அதே பெட்டி பாட்னாவுக்கு லாரி ஏறினால் மாநிலப் பங்கான 9 ரூபாய் பீகாருக்குப் போய்விடும். முன்பு வெளிமாநில விற்பனையின் மீது இருந்த 2 விழுக்காடு மத்திய விற்பனை வரி, விற்ற மாநிலத்திடமே தங்கியது. நாட்டில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்யும் ஒரு வட்டாரம், தன் உற்பத்திக்கு ஏற்ற வரியைத் தன் மாநிலத்துக்கு ஈட்டித் தர முடியாத ஏற்பாடு இது. உற்பத்தியைவிட நுகர்வு மிகுந்த மாநிலங்களுக்கு இது சாதகம். தமிழ்நாடு போன்ற உற்பத்தி மாநிலங்களுக்குப் பாதகம். அதை ஈடுகட்ட ஐந்தாண்டுகள் தரப்பட்ட இழப்பீடு 2022 ஜூனுடன் நின்றது. இன்னொரு வரவும் உண்டு: ஒன்றியம் தான் திரட்டும் வரியில் மாநிலங்களுக்குப் பகிரும் தொகையில், 15ஆவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய பங்கு 4.079 விழுக்காடு.

தீப்பெட்டித் தொழில் இதைவிட மூத்த பாடம் சொல்கிறது. 1934இல் பிரிட்டிஷ் இந்திய அரசு தீப்பெட்டிக்குக் கலால் வரி விதிக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. பெட்டியின் மேல் ஒட்டிய பேண்ட்ரோல் சீட்டு அந்த வரியின் அடையாளம். பிற்காலத்தில் கையில் செய்ததற்கும் இயந்திரத்தில் செய்ததற்கும் இருந்த வரி வேறுபாடு நீங்கி, 2020 ஏப்ரலில்தான் இரண்டுக்கும் 12 விழுக்காடு என ஒன்றானது. கருவூலத்துக்குப் பணம் தேவைப்படும்போது அரசின் கண் முதலில் விழுவது எளிதில் எண்ணக்கூடிய, எங்கும் விற்கும் பொருளின் மீதுதான்.

செலவுப் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. மூலதனச் செலவு நல்லது, வருவாய்ச் செலவு வீண் என்று பிரிப்பது தவறு. விருதுநகரில் பிறந்த காமராசர் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்ததும், 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் கணக்குப் புத்தகத்தில் வருவாய்ச் செலவுகளே. தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கிய பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்ததில் அந்தச் சோற்றுக்கும் பங்குண்டு. ஆசிரியரின் சம்பளமும் வருவாய்ச் செலவுதான். ஆசிரியர் இல்லாத பள்ளிக் கட்டடம் மூலதனச் செலவு. மகளிர் உரிமைத் தொகைக்கு 2025-26இல் ஒதுக்கப்பட்ட 13,807 கோடியை மதிப்பிடும்போதும் இதே கேள்விதான் எழ வேண்டும்: அந்தச் செலவு வரவிலிருந்து நடக்கிறதா, கடனிலிருந்தா? வரவிலிருந்து என்றால் அது மக்கள் ஏற்ற கொள்கை. கடனிலிருந்து என்றால் அதன் விலையை வருங்கால வரி கொடுக்கும். மறுபக்கம், 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும், இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் அமையவிருக்கும் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காவும், கடன் வாங்கிச் செய்தாலும் பின்னால் பலன் தரும் வகை.

கடன் யாரிடம் வாங்கப்படுகிறது? மாநில அரசின் கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கி பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் ஏலம் விடுகிறது. வாங்குபவை வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதிகள். அச்சகத் தொழிலாளியின் பி.எஃப். பணமும் ஆலைக் கணக்கரின் எல்.ஐ.சி. தவணையும் இந்தப் பத்திரங்களுக்குள் இருக்கின்றன. அரசின் கடன் மக்களின் சுமை மட்டுமன்றி மக்களின் சேமிப்பும்கூட. சட்டமும் சில கரைகளைக் கட்டியுள்ளது. அரசமைப்பின் 293ஆவது கூறுப்படி மாநிலம் இந்தியாவுக்குள் மட்டுமே கடன் வாங்கலாம். ஒன்றியத்துக்குக் கடன்பட்டிருக்கும் வரை அதன் ஒப்புதலும் வேண்டும். தமிழ்நாடு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் 2003இல் வந்தது. நிதிப் பற்றாக்குறைக்கு மாநில உற்பத்தி மதிப்பில் 3 விழுக்காடு என்பதே வழக்கமான வரம்பு.

கடன் கனமா, இலகுவா என்று பார்க்க மூன்று அளவுகோல்கள் உண்டு. முதலாவது, மொத்தத் தொகை. 2026 மார்ச் 31 அன்று நிலுவை 9,29,959 கோடியாக இருக்கும் என்று பட்ஜெட் மதிப்பிட்டது. தலைக்கோ குடும்பத்துக்கோ வகுத்துச் சொல்லப்படும் எண்ணும் இதன் மறுவடிவம்தான். அச்சுறுத்தப் பயன்படும், புரியவைக்கப் பயன்படாது. இரண்டாவது, உற்பத்தி மதிப்போடு விகிதம். அந்தத் தொகை மாநில உற்பத்தியில் 26.07 விழுக்காடு. பொருளாதாரம் வட்டியைவிட வேகமாக வளர்ந்தால், கடன் தொகை கூடினாலும் இந்த விகிதம் குறையலாம். மூன்றாவது, வருவாயில் வட்டியின் பங்கு. 2025-26இல் வட்டிக்கு மட்டும் 70,754 கோடி. அதாவது வருவாயில் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 21 ரூபாய், சாலைக்கோ பள்ளிக்கோ போகும் முன்பே கழிந்துவிடுகிறது. மூன்று அளவுகோல்களில் கவலை தருவது இதுதான்.

எந்த நாணயத்தில் கடன் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இலங்கை 2019இல் வரிகளைப் பெரிதாகக் குறைத்தது. சுற்றுலா வருவாயும் கொரோனாவில் நின்றது. டாலரில் வாங்கிய கடனைக் கட்ட டாலர் இல்லாமல் 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அறிவித்தது. பெரும்பாலும் ரூபாயிலேயே கடன்பட்ட தமிழ்நாட்டுக்கு அந்த வகை ஆபத்து குறைவு. இந்திய ஒன்றியம் அந்த விளிம்பை 1991இல் பார்த்தது. 1980களின் பெரும் பற்றாக்குறைகளுக்குப் பின், வளைகுடாப் போரின் எண்ணெய் விலையும் வெளிநாடுவாழ் இந்தியர் தங்கள் வைப்புத்தொகையைத் திரும்ப எடுத்ததும் சேர்ந்து, அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை வந்தது; ரிசர்வ் வங்கியின் தங்கம் லண்டனுக்கு ஏறியது. 1998இல் பொக்ரான் அணுச் சோதனைக்குப் பிந்தைய தடைகளின்போது அதே வெளிநாடுவாழ் இந்தியர், ஸ்டேட் வங்கி வெளியிட்ட பத்திரங்களில் சுமார் 420 கோடி டாலர் போட்டார்கள். புலம்பெயர்ந்தோர் பணம் நெருக்கடியில் போகவும் செய்யும், வரவும் செய்யும்.

சிங்கப்பூர் இதற்கு நேர்மாறான பாடம். அதன் அரசுக் கடன், நாட்டின் உற்பத்தி மதிப்பைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் அதில் பெரும்பகுதி செலவுக்கு வாங்கியது அல்ல. தொழிலாளர் சேமிப்பு சேரும் மத்திய சேமநிதிக்கும் சந்தைக்கும் பத்திரம் கொடுத்துத் திரட்டிய பணம் முதலீடாக நிற்கிறது. சொத்து கடனைவிட அதிகம். ஓர் ஆட்சிக் காலத்துக்குள் வரவும் செலவும் சமமாக வேண்டும். முந்தைய ஆட்சிகள் சேர்த்த கையிருப்பைத் தொட அதிபரின் ஒப்புதல் வேண்டும். 2020 கொரோனாவில் அப்படிக் கேட்டுத்தான் எடுத்தார்கள். கடன் தொகையை மட்டும் பார்த்து ஒரு நாட்டை எடைபோட முடியாது என்பதற்கு இது சான்று. ஆனால் அந்தக் கையிருப்பு ஒரு சிறு நகர நாட்டின் பல பத்தாண்டு உபரியால் வந்தது. பெரிய கிராமப்புறத்தையும் ஒன்றியத்தோடு பகிரும் வரியையும் கொண்ட ஒரு மாநிலம் அதை அப்படியே பின்பற்ற இயலாது.

அடுத்தடுத்த பட்ஜெட் உரைகளில் பார்க்க வேண்டியவை இவை: வருவாய்ப் பற்றாக்குறை குறைகிறதா, வருவாயில் வட்டியின் பங்கு ஏறுகிறதா, மூலதனச் செலவாக ஒதுக்கிய தொகை உண்மையில் செலவானதா, மின்வாரியம் போன்ற நிறுவனங்களின் கடன் கணக்குக்கு வெளியே வளர்கிறதா. பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, இறுதிக் கணக்கு என மூன்று எண்கள் ஒவ்வோர் ஆண்டுக்கும் உண்டு. முதல் எண் அரசின் எண்ணத்தையும் கடைசி எண் நடந்ததையும் காட்டும். கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் மாநில நிதி அறிக்கை அந்தக் கடைசி எண்ணை ஆண்டுதோறும் சட்டமன்றத்தின் முன் வைக்கிறது. ஓர் ஆட்சியின் கடனை மதிப்பிட நம்பகமான ஆவணம் அதுவே.

அன்புடன்,
சிவகாசி வட்டாரத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் ஒருவர்