முதலில் பின்விளக்கு வாங்குங்கள்

இரவில் வண்டி இடித்த சைக்கிளை யாராவது கடைக்குக் கொண்டுவந்தால், அது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பின் ரிம் ஒரு பக்கமாக மடங்கியிருக்கும். போக்ஸ் கம்பிகள் பாதி பிடுங்கிக்கொண்டு நிற்கும். மட்கார்டு டயரில் அழுந்தியிருக்கும், கேரியர் சீட்டுக்கு அடியில் போய் இடித்துக்கொண்டிருக்கும். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் துளிக் கோட்டம் இல்லாமல் ஓடும். ஹேண்டில்பாரில் கீறல்கூட இருக்காது. அந்த சைக்கிளை ஓட்டியவர் எதன் மீதும் போய் மோதவில்லை. பின்னால் வந்தவருக்கு அவரைத் தெரியவில்லை.

கோவை ஒண்டிப்புதூர்ப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. சைக்கிளுக்கு லைட்டு கேட்டு வருபவர்கள் எல்லோரும் கேட்பது முன்விளக்கைத்தான். "நல்லாத் தூரமா அடிக்கிற லைட்டாக் குடுங்கண்ணா" என்பார்கள். பின்னால் எரிவதற்கு ஒன்று வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள் மிகக் குறைவு. என் தீர்மானமான கருத்து இதற்கு நேர் எதிரானது. ஒரு விளக்கு வாங்கத்தான் கையில் காசு இருக்கிறது, போவதும் வருவதும் தெருவிளக்கு எரியும் பெரிய ரோட்டில் என்றால், சிவப்புப் பின்விளக்கை வாங்குங்கள். முன்விளக்கு அடுத்த மாதச் சம்பளத்தில் வரட்டும். தெருவிளக்கே இல்லாத இட்டேரி வழியாகத் தோட்டத்துக்குப் போகிறவர் விஷயம் வேறு. அவருக்குக் குழியும் கல்லும் பாம்பும்தான் ஆபத்து, முன்விளக்குதான் முதல் தேவை.

இப்போது இரவில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் யார் என்று பாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இரவுக் காவலுக்குப் போகும் பெரியவர்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவி முடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள், விடியற்காலையில் பால் ஊற்றுகிறவர்கள், பேப்பர் போடுகிறவர்கள், ஃபவுண்டரிகளிலும் மில்களிலும் வேலை செய்யும் ஒடிசா, பீகார் இளைஞர்கள். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த நாளிதழே இருட்டில் ஒரு சைக்கிளில் வந்திருக்கலாம். காலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு உடற்பயிற்சிக்காக ஓட்டுகிறவர்களிடம் விலை உயர்ந்த விளக்குகள் இருக்கின்றன. பிழைப்புக்காக இருட்டில் மிதிக்கிறவர்களிடம் இல்லை.

காவல் வேலைக்குப் போகும் ஒரு பெரியவர் ஓவராயிலுக்கு வண்டி விட்டிருந்தார். லைட்டு போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். "எதுக்குங்க தம்பி? ரோடு பூரா லைட்டு எரியுது. எனக்கு நல்லாத் தெரியுதுங்க" என்றார். "உங்களுக்கு ரோடு தெரியுதுங்கய்யா. பின்னால வர்ற லாரிக்காரருக்கு உங்களைத் தெரியோணுமல்லங்க" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். விளக்கு நாம் பார்ப்பதற்கு மட்டுமல்ல, நம்மைப் பிறர் பார்ப்பதற்கும்தான் என்பதை யாரும் அவருக்கு அதுவரை சொல்லவில்லை. குறை அவருடையதல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. டிம் வெளிச்சத்தில், கறுப்புச் சட்டை போட்டுக் கறுப்பு சைக்கிள் ஓட்டுகிற ஒருவர் முப்பது, நாற்பது மீட்டருக்குள் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தட்டுப்படுவார். அதாவது இரண்டு விநாடி. பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அதில் பெரும்பகுதி போய்விடும். எதிரே ஒரு லாரி ஹைபீமில் வந்துவிட்டால் அந்த இரண்டு விநாடியும் கிடைக்காது. ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இருந்தால் அதே ஓட்டுநருக்கு நூற்றுக்கணக்கான மீட்டருக்கு முன்பே தெரியும். ஒதுங்கிப் போக அவருக்கு நேரம் கிடைக்கும்.

"ரிஃப்ளெக்டர்தான் இருக்கே" என்று சொல்வார்கள். இருப்பது நல்லதுதான். சைக்கிளில் வைக்கும் ரிஃப்ளெக்டர்களுக்கு மத்திய அரசு 2020-ல் தரக் கட்டுப்பாட்டு ஆணையே போட்டிருக்கிறது. ஆனால் ரிஃப்ளெக்டருக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. எந்த விளக்கு அதன் மீது படுகிறதோ அந்த விளக்கு இருக்கும் பக்கமே ஒளியைத் திருப்பி அனுப்பும். குறுக்குச் சந்திலிருந்து திரும்பும் வண்டியின் விளக்கு அதன் மீது படாது. கடையில் நான் பார்க்கும் பின் ரிஃப்ளெக்டர்களில் பல, சேறு பிடித்து மங்கிப்போனவை. விரிசல் விட்டு உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தால் அந்த இடத்தில் வேலையே செய்யாது. கேரியரில் சாக்கு தொங்கினால் மறைந்துவிடும். ரிஃப்ளெக்டர்களில் எனக்கு மிகவும் பிடித்தது பெடல் கட்டையில் இருக்கும் மஞ்சள் பட்டைதான். மிதிக்க மிதிக்க மேலும் கீழும் போவதால், முன்னால் போவது சைக்கிள் என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். பெடல் மாற்றும்போது அந்தப் பட்டை இல்லாத மலிவு பெடலை வாங்காதீர்கள்.

அப்பா காலத்தில் எல்லாம் டைனமோதான். 6 வோல்ட், 3 வாட் டைனமோ டயரின் பக்கவாட்டில் உரசிக்கொண்டு சுற்றும். மிதிப்பது கனக்கும், டயர் தேயும், சிக்னலில் நின்றால் விளக்கு அணைந்துவிடும். லைட் இல்லாமல் போனால் போலீஸ் நிறுத்திச் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அப்பா சொல்வார். மில் சங்கு ஊதி அரை நைட் ஷிப்டு முடிந்தால், சைக்கிள்கள் வரிசையாக ரோட்டை அடைத்துக்கொண்டு வரும். விளக்கில்லாத சைக்கிள்கூட அந்தக் கூட்டத்தில் பாதுகாப்பாக வீடு போய்ச் சேர்ந்தது. இப்போது பல மில்கள் மூடிவிட்டன. கூட்டம் போய்விட்டது. பெரிய ரோட்டின் ஓரத்தில் ஒற்றை சைக்கிள் தனியாகப் போகிறது. விளக்கு அன்றைக்குத் தேவைப்பட்டதைவிட இன்றைக்குத்தான் அதிகம் தேவை. அதே காலத்தில்தான் சைக்கிளிலிருந்து விளக்கு காணாமல் போனது. பழைய கறுப்பு சைக்கிளில் லைட் மாட்டுவதற்கென்று முன்னால் ஒரு பிராக்கெட்டாவது இருக்கும். இன்றைக்கு வரும் பட்டை டயர் வண்டிகள் பலவற்றில் அதுவும் இல்லை.

எல்இடி வந்த பிறகு விளக்கு வாங்க முடியாது என்று சொல்லக் காரணமே இல்லை. சாதாரணப் பின்விளக்கு நூற்றைம்பது, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கும்போது எனக்கு முக்கியமாகப் படுவது, அது எவ்வளவு பிரகாசம் என்பதல்ல, எத்தனை நாள் ஒழுங்காக எரியும் என்பதுதான். பட்டன் செல் போட்ட பொடி விளக்குகளை நான் விற்பதில்லை. சில நாளில் மங்கிவிடும், மங்கியது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அந்த செல்லைக் குழந்தை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. யூஎஸ்பி சார்ஜ் விளக்கு நல்லதுதான். ஆனால் பத்துப் பேர் தங்கும் அறையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட் இருக்கிற தொழிலாளி முதலில் போனைத்தான் சார்ஜ் போடுவார். அவருக்கு இரண்டு பென்சில் செல் போட்டு, கேரியரில் போல்ட் வைத்து முறுக்கிவிடும் விளக்குதான் சரி. செல் தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கிக்கொள்ளலாம், யாரும் சுலபத்தில் கழற்றிக்கொண்டு போகவும் முடியாது.

எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். சீட்டுக்கு அடியில் மாட்டினால் நீளச் சட்டையோ துப்பட்டாவோ முந்தானையோ மறைத்துவிடும். கேரியரின் பின்முனை, இல்லையென்றால் மட்கார்டின் பின்பக்கம், இந்த இரண்டும்தான் சரியான இடம். விளக்கு தரையையும் பார்க்கக் கூடாது, வானத்தையும் பார்க்கக் கூடாது. நேராகப் பின்னால் பார்க்க வேண்டும். வழக்கமாக ஏற்றும் சாப்பாட்டுப் பையையோ மூட்டையையோ கேரியரில் வைத்து, வண்டிக்கு ஸ்டாண்டு போட்டு, நூறடி பின்னால் நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். பளிச்சென்று தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் விளக்கு எவ்வளவு விலையாக இருந்தும் பயனில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் சார்ஜ் போடும் துளையின் ரப்பர் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த வரையில் மழையில் விளக்குகள் சாவது அந்த ஒரு ஓட்டையால்தான்.

மின்னுவதா, நிலையாக எரிவதா என்று கேட்பார்கள். பிரிட்டனில் சைக்கிள் விளக்கு மின்னலாம் என்று 2005-ல் சட்டம் தளர்ந்தது. ஜெர்மனியில் மின்னும் விளக்குக்கு அனுமதி இல்லை. நான் ஜெர்மனிக்காரர்கள் பக்கம். மின்னும் விளக்கு கண்ணை இழுக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறோம் என்று பின்னால் வருகிறவர் கணிப்பது கடினம். இருட்டில் நிலையாக எரியட்டும். இரண்டு விளக்கு இருந்தால் ஒன்று நிலையாக எரியட்டும், இன்னொன்று மெதுவாக மின்னட்டும்.

முன்விளக்கைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் லூமென் கணக்கைப் பார்த்து வாங்காதீர்கள். மலிவு விளக்குகளில் அந்த எண்ணை நம்பவே முடியாது. உண்மையான எண்ணாக இருந்தாலும், மொத்தம் எவ்வளவு ஒளி வருகிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும், அந்த ஒளி எங்கே விழுகிறது என்பதைச் சொல்லாது. டார்ச் போல வட்டமாக அடிக்கும் விளக்கு பாதி ஒளியை எதிரே வருகிறவரின் கண்ணில் கொட்டுகிறது. ஜெர்மனியின் விதிப்படி சைக்கிள் விளக்கின் ஒளி சாலையில் விழ வேண்டும், ஒரு கோட்டுக்கு மேலே எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது. அந்த மாதிரி விளக்கைச் சுவரில் அடித்துப் பார்த்தால், கார் டிம்மில் தெரிவது போல மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போலத் தெரியும். நம் ஊர்க் கடைகளில் அந்த வகை அதிகம் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால், இருக்கிற விளக்கைக் குனிய வைத்து, ஒளியின் நடு வட்டம் சக்கரத்துக்கு முன்னால் ஐந்தாறு மீட்டரில் ரோட்டில் விழும்படி முறுக்கிவிடுங்கள். தெருவிளக்கு உள்ள ரோட்டில் உண்மையான 100 லூமென் தாராளம். எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் கண்ணைக் கூச வைத்தால், அவர் தடுமாறி நம் மேலேயே வரக்கூடும்.

டென்மார்க்கில் ஓடென்சே நகரத்தில் 2004, 2005-ல் ஒரு சோதனை செய்தார்கள். 3,845 சைக்கிள்காரர்களில் ஒரு பகுதியினருக்குப் பகலிலும் இரவிலும் ஓட்டும்போதெல்லாம் காந்தத்தால் எரியும் விளக்கு மாட்டிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல ஓட்டினார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால், விளக்கு மாட்டியவர்களிடையே காயம் பட்ட விபத்துகளின் விகிதம் 19 சதவீதம் குறைவு. அங்கே சைக்கிளுக்குத் தனிப் பாதை இருக்கிறது, ஓட்டுநர்கள் சைக்கிளை மதிக்கிறார்கள். அங்கேயே விளக்கு இவ்வளவு உதவுகிறது என்றால் நமக்கு எவ்வளவு தேவை என்று யோசியுங்கள்.

நம் அரசுக்கும் இந்த நியாயம் தெரியாததல்ல. 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளிலும், ஸ்கூட்டரிலும், எஞ்சின் ஓடினாலே முன்விளக்கு தானாக எரிய வேண்டும் என்பது விதி. பட்டப்பகலில்கூட எரிகிறது. பிறர் கண்ணில் படுவதற்காகத்தான் அந்த விதி. அப்படிப்பட்ட நாட்டில் சைக்கிளை மட்டும் ஒரு விளக்கும் இல்லாமல் விற்கிறோம். பிரேக் இல்லாத சைக்கிளை எந்தக் கடைக்காரரும் கைமாற்ற மாட்டார். விளக்கில்லாத சைக்கிளை நாங்கள் எல்லோரும் தினமும் கைமாற்றுகிறோம்.

தமிழ்நாட்டில் இதைத் தொடங்க நல்ல இடம் ஒன்று இருக்கிறது. 2001-ல் மாணவிகளில் ஒரு பிரிவினருக்குத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பிறகு பிளஸ் ஒன் படிக்கும் மாணவ, மாணவியர் பலருக்கும் விரிந்தது. பள்ளிக்குத் தொலைவிலிருந்து வரும் பெண் பிள்ளைகளின் படிப்பை அது எவ்வளவு தாங்கிப் பிடித்தது என்பதைக் கிராமத்தில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் உண்டு. மார்கழியில் ஆறரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அவர்கள் வீடு திரும்பும் நேரமும் மில் பஸ்களும் மணல் லாரிகளும் ஓடும் நேரமும் ஒன்றுதான். அடுத்த டெண்டரில் கூடை, பெல், பூட்டுடன் போல்ட் வைத்து முறுக்கிய ஒரு பின்விளக்கையும் சேர்க்கச் சொல்லுங்கள். மொத்தமாக வாங்கினால் அரசுக்கு ஆகும் செலவு மிகச் சிறியது. இரவு ஷிப்டுக்கு ஆள் எடுக்கும் மில்களும் செக்யூரிட்டி நிறுவனங்களும், சீருடை கொடுப்பது போல ஒரு விளக்கையும் கொடுக்கலாம்.

சைக்கிள் கடை வைத்திருக்கிற அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. ஓவராயிலுக்கு வரும் வண்டியில் பின்விளக்கு இல்லையென்றால், பிரேக் கட்டை தேய்ந்திருப்பதைச் சொல்வது போல அதையும் சொல்லுங்கள். ரிஃப்ளெக்டரைச் சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்துக் கொடுங்கள். வாசகர்களே, உங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர், பேப்பர் போடுகிற தம்பி, உங்கள் குடியிருப்பின் காவலாளி ஆகியோரின் சைக்கிளை நாளைக் காலையில் ஒருமுறை பின்னால் போய்ப் பாருங்கள். விளக்கு இல்லையென்றால் ஒன்று வாங்கி மாட்டிக் கொடுங்கள். இருநூறு ரூபாய்தான் ஆகும்.