பளபளப்புக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

புதுக்கார் டெலிவரி எடுக்கும் நாளில், சாவி கைக்கு வருவதற்கு முன்பே ஷோரூமில் ஒரு தாள் நீட்டப்படும். டெஃப்ளான் கோட்டிங், செராமிக் கோட்டிங், அடிப்பாகத்துக்கு ஆன்டி ரஸ்ட், சீட்டுகளுக்குத் தனியாக ஒரு பூச்சு என வரிசையாக விலைகள் இருக்கும். பத்துப் பன்னிரண்டு லட்சம் கொடுத்தவருக்கு இன்னொரு 30,000 ரூபாய் பெரிதாகத் தோன்றாது. மாலையும் எலுமிச்சம்பழமுமாகக் குடும்பமே காத்திருக்கும் நேரத்தில் யாரும் எதையும் துருவிக் கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டிய இடம் அதுதான்.

கார் டீடெய்லிங்கை வாட்டர் வாஷோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 500 ரூபாய்க்கு அரை மணி நேரத்தில் நுரை அடித்துக் கழுவி அனுப்புவது வாட்டர் வாஷ். காரை ஒரு நாளோ இரண்டு நாளோ நிறுத்திவைத்து, பெயின்ட்டில் ஒட்டிய இரும்புத்தூளையும் தாரையும் கரைத்தெடுத்து, கீறல்களை மெஷின் பாலிஷால் தேய்த்து, உள்ளே சீட், கார்ப்பெட், ஏசி துவாரம் வரை சுத்தம் செய்வது டீடெய்லிங். சென்னையில் உட்புறச் சுத்தம் மட்டும் என்றால் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். செராமிக் கோட்டிங் சுமார் 15,000 ரூபாயில் தொடங்கி 50,000 வரை போகும். கார் முழுவதும் ஒட்டும் பிபிஎஃப் எனும் பெயின்ட் பாதுகாப்புப் படலம் லட்சத்தைத் தொடும். பெரிய காருக்கு அதைத் தாண்டும். இவற்றுக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இந்தச் செலவில் உழைப்புக்குப் போகும் பங்கு பெரும்பாலும் தகுதியானது. பூச்சின் பெயருக்கும் ‘வாழ்நாள் உத்தரவாத’த்துக்கும் போகும் பங்குதான் வீண்.

ஏன் என்பது பெயின்ட்டின் அமைப்பைப் பார்த்தாலே புரியும். இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ தயாராகும் ஒரு காரின் இரும்புக்கூடு, முதலில் மின்சாரம் பாய்ச்சிய பெயின்ட் தொட்டியில் முழுக்க முங்கி எழும். துருவைத் தடுக்கும் அந்த முதல் அடுக்கு ஏறத்தாழ 20 மைக்ரான். அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியாக நிறமற்ற கிளியர் கோட். எல்லா அடுக்கும் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 140 மைக்ரான்தான். கண்ணுக்கு மினுக்கும் கிளியர் கோட் மட்டும் சுமார் 40 மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. தொழிற்சாலையில் இது 140 டிகிரியை ஒட்டிய சூட்டில் சுடப்பட்டு இறுகுகிறது. பட்டறையில் மறுபடி பெயின்ட் அடிக்கும்போது அந்தச் சூட்டைக் கொடுக்க வழியில்லை. ஒயரும் பிளாஸ்டிக்கும் ரப்பரும் பொருத்திய காரை 60 டிகிரி அளவில்தான் காயவைக்க முடியும். ஆகவே தொழிற்சாலை பெயின்ட் போனால் போனதுதான்.

பாலிஷ் போடும்போது நடப்பது என்ன? கீறலின் ஆழம் வரைக்கும் சுற்றிலும் உள்ள கிளியர் கோட்டைத் தேய்த்துச் சமமாக்குகிறார்கள். கைதேர்ந்தவர் போடும் லேசான பாலிஷ் ஒன்றிரண்டு மைக்ரானோடு நிற்கும். முரட்டு காம்பவுண்ட் போட்டு ‘ரப்பிங்’ செய்தால் அதைவிடப் பல மடங்கு கரையும். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காத்து நிற்பது அந்தக் கிளியர் கோட்தான். ஆறு மாதத்துக்கு ஒரு ரப்பிங் பாலிஷ் இலவசம் என்று விற்கப்படும் ஆண்டுத் திட்டம், காசு வாங்கிக்கொண்டே காரின் பாதுகாப்பைச் சுரண்டி எடுக்கிறது. காரின் ஆயுளில் இரண்டு முறை முறையான பாலிஷ் போதும்.

அந்தக் கீறல்கள் எப்படி விழுகின்றன என்று தேடினால், பெரும்பாலும் வீட்டு பார்க்கிங்கிலேயே காரணம் அகப்படும். அடுக்குமாடிக் குடியிருப்பில் மாதம் சில நூறு ரூபாய்க்கு விடியற்காலையில் கார் துடைப்பவர், ஒரே வாளித் தண்ணீரில் ஒரே துணியை நனைத்து வரிசையாகப் பல கார்களைத் துடைக்கிறார். மெட்ரோ ரயில் பணியின் புழுதியும் மணலும் அந்தத் துணியில் ஏறி அடுத்த காரின் பானெட்டில் வட்ட வட்டமாகக் கோடு போடுகின்றன. அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. போதுமான தண்ணீரும் நல்ல துணியும் வாங்கித் தர வேண்டியவர்கள் காரின் சொந்தக்காரர்கள். இரண்டு வாளி, இரண்டு மைக்ரோஃபைபர் துணி, ஒரு பாட்டில் கார் ஷாம்பு எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் அடங்கிவிடும். காய்ந்த தூசியை வெறும் துணியால் தட்டாமல், முதலில் தண்ணீர் ஊற்றி இறக்கிவிட்டாலே பாதிக் கீறல் விழாது.

இனி பூச்சுகள். 1938-ல் டூபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள்தான் டெஃப்ளான் என்று பெயர் பெற்றது. அது உருகுவதே 327 டிகிரியில். தவாவில் ஒட்டவைக்க அதைவிட உயர்ந்த சூட்டில் சுடுகிறார்கள். காரின் பானெட்டில் அப்படிச் செய்ய முடியாது. டெஃப்ளான் கோட்டிங் என்று காரில் தேய்க்கப்படுவது நடைமுறையில் ஒரு மெழுகு பாலிஷ். சில மாதக் கழுவலில் போய்விடும். அதற்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க எந்த நியாயமும் இல்லை.

செராமிக் கோட்டிங்கை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. சிலிக்கா சார்ந்த அந்தத் திரவம் கிளியர் கோட்டின் மேல் மிக மெல்லிய படலமாக இறுகி ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும், அழுக்கு எளிதில் பிடிக்காது, கழுவுவது சுலபம். சரியாகப் பூசிப் பராமரித்தால் இரண்டு மூன்று ஆண்டு நிற்கும். இவ்வளவையும் சொல்லி விற்றால் குறை இல்லை. ஆனால் விளம்பரப் பலகைகள் ‘9ஹெச் கடினத்தன்மை’ என்று முழங்குகின்றன. 9ஹெச் என்பது பென்சில் கடினத்தன்மைச் சோதனையின் உச்ச அளவு. 9ஹெச் பென்சில் முனையால் கோடு விழவில்லை என்பதே அதன் பொருள். வைரத்துக்குப் பத்து மதிப்பெண் தரும் மோஸ் அளவுகோல் வேறு. பக்கத்தில் நிறுத்தப்படும் பைக்கின் ஹேண்டில்பாரும் லாரி டயர் தெறிக்கும் கல்லும் இந்தப் பூச்சைப் பொருட்படுத்தாது.

போர்வெல் தண்ணீரும் பொருட்படுத்தாது. குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை வரை ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். சென்னைப் புறநகரின் பல போர்வெல்களில் வரும் உப்புத் தண்ணீர் அதைத் தாண்டியது. அந்தத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால், செராமிக் பூசிய காரிலும் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புத் திட்டு படியும். காக்கை எச்சமும் அப்படித்தான். உச்சி வெயிலில் ஒரு நாள் விட்டால் பூச்சையும் மீறிக் கிளியர் கோட்டை அரிக்கும். உடனே துடைக்க ஆள் இல்லாத வீட்டில் 40,000 ரூபாய்ப் பூச்சு பெரிதாக எதையும் சாதிக்காது. கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறக் கார், திறந்தவெளி பார்க்கிங், நான்கைந்து ஆண்டாவது விற்காத உத்தேசம் என்ற மூன்றும் சேர்ந்தால் நடுத்தர விலை செராமிக் பயன் தரும். வெள்ளைக் காரை ஷெட்டில் நிறுத்துபவர் அந்தப் பணத்தில் நாலு நல்ல டயர் வாங்கலாம்.

பூச்சுக்கு ஆதரவாக ஒரு கூடுதல் வாதம் உண்டு: தண்ணீர் மிச்சமாகும். 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டு கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. அழுக்கு ஒட்டாத கார் ஒன்றிரண்டு வாளியில் சுத்தமாகும் என்பது மெய்யான ஆதாயம்.

பிபிஎஃப் கதை வேறு. வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறக்கைகளைக் காக்க உருவான படலத்தின் வழித்தோன்றல் அது. இன்று காரில் ஒட்டப்படும் தரமான படலம் 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பாலியூரித்தேன்; காரின் பெயின்ட் மொத்தத்தைவிடத் தடிமன் அதிகம். கல் அடியைத் தாங்கும், சிறு கீறல் வெயில் சூட்டில் தானாகவே மறையும். வாரந்தோறும் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கு முன் பம்பர், பானெட், கண்ணாடி மூடிகளில் மட்டும் ஒட்டினால் செலவில் பெரும்பகுதி மிச்சம். நகரத்துக்குள் மட்டும் ஓடும் சிறிய காருக்கு உடல் முழுக்க ஒட்டுவது, காரின் விலையோடு ஒப்பிட்டால் கட்டுப்படியாகாது.

கொடுக்கும் காசு முழுதாகத் திரும்பி வருவது காருக்கு உள்ளேதான். குழந்தை சிந்திய பால், மழைக்கால ஈரம், ஏசி காயிலில் படிந்த பூஞ்சை இவையெல்லாம் மூச்சோடு கலப்பவை. ஆண்டுக்கு ஒரு முறை நல்ல உட்புற டீடெய்லிங் செய்துகொள்வது எந்தக் குடும்பத்துக்கும் தகும். கூடவே கேபின் ஃபில்டரை மாற்றிவிட வேண்டும். பல கார்களில் அது டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும், சில நூறு ரூபாய்தான், பலரும் அதை மாற்றுவதே இல்லை.

வெள்ளம் புகுந்த கார் என்றால் இந்த வேலை அவசியமாகிவிடும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் சாக்கடை கலந்த நீரில் நின்றன. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களை வரிசையாக நிறுத்தியது அந்த அனுபவத்தால்தான். அப்படி நனைந்த காரில் சீட்டுகளைக் கழற்றி, கார்ப்பெட்டையும் அடியில் உள்ள பஞ்சையும் வெளியே எடுத்துக் காயவைக்க வேண்டும். முன்சீட்டுக்கு அடியில் ஏர்பேக் ஒயர் இணைப்புகள் இருக்கும். அவற்றைச் சர்வீஸ் சென்டரில் சோதிக்க வேண்டும். மேலாக ஷாம்பு போட்டு வாசனை அடித்துத் தருவது சுத்தமாகாது. அதே வாசனைதான் வெள்ளக் காரைப் பழைய கார் சந்தையில் நல்ல கார் என்று தள்ளிவிடவும் உதவுகிறது. பழைய கார் வாங்குபவர் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துச் சேறும் துருவும் தேட வேண்டும்.

மறுவிற்பனைக்கு உதவும் என்பதும் பாதி உண்மைதான். கார் ஓடிய ஆண்டு, கிலோமீட்டர், எத்தனையாவது சொந்தக்காரர், சர்வீஸ் பதிவு, விபத்து வரலாறு ஆகியவைதான் விலையை முடிவு செய்கின்றன. கழுவித் துடைத்த கார் சீக்கிரம் விலைபோகும்; மூன்று ஆண்டுக்கு முன் போட்ட செராமிக் பில்லுக்குத் தனி விலை கிடைக்காது. சோதிக்க வருபவர்கள் பெயின்ட் தடிமனை அளக்கும் சிறு கருவியோடு வருகிறார்கள். எங்கே மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவு பேச்சிலும் மறந்துபோவது முகப்பு விளக்கு. அதன் மூடி பாலிகார்பனேட் பிளாஸ்டிக். ஆண்டுகள் செல்லச் செல்ல வெயிலில் மஞ்சள் பூத்து மங்கும். மங்கிய விளக்கு, புதியது தரும் ஒளியில் 20 சதவீதம்தான் தருகிறது என்று அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கமான ட்ரிபிள் ஏ 2018-ல் சோதித்துச் சொன்னது. தேய்த்துப் புதுப்பித்தால் 70 சதவீதம் வரை திரும்பக் கிடைத்தது. டீடெய்லிங் கடையில் இந்த வேலைக்கு ஒன்றிரண்டாயிரம் ரூபாய் ஆகும். புது விளக்கு வாங்கினால் அதைப் போலப் பல மடங்கு. பழைய காரில் இரவுப் பயணம் போகும் குடும்பம் பட்டியலில் முதலில் டிக் அடிக்க வேண்டியது இதைத்தான். பெரும்பாலான கடைகளின் விலைப்பட்டியலில் அது கடைசியில் இருக்கிறது.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது பூச்சின் பிராண்டை விடக் கேட்க வேண்டியவை வேறு. பாலிஷ் போடுமுன் பெயின்ட் தடிமனை அளப்பார்களா? அளந்த எண்ணைப் பில்லில் எழுதுவார்களா? பயன்படுத்தும் பொருளின் பெயர், உத்தரவாதம் எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை பணம் கட்டிப் பராமரித்தால்தான் அது செல்லும் என்பதெல்லாம் எழுத்தில் வருமா? நாள் முழுக்கக் குனிந்து மெஷின் பிடிக்கும் தொழிலாளிக்கு முகக்கவசமும் கையுறையும் உண்டா என்பதையும் பார்க்கலாம். ரசாயனப் புகையில் தன் ஆளைக் காக்காத கடை, வாடிக்கையாளரின் காரையும் அவசரமாகத்தான் முடித்துத் தள்ளும். ஜிஎஸ்டி பில் கையில் இருந்தால், பூச்சு மூன்றே மாதத்தில் போனாலும் பானெட்டின் விளிம்பில் பெயின்ட் தேய்ந்து பிரைமர் தெரிந்தாலும் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; தமிழிலும் பேசலாம்.