பானையில் ஒரு மாதம்

ரேணிகுண்டாவிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில் ஏர்பேடு ஒரு சிறிய நிலையம். ராகு-கேது பரிகாரத்துக்காகக் காளஹஸ்தி போகும் கூட்டம் அதைக் கவனிக்காமலே கடந்துபோகும். சிலந்தியும் பாம்பும் யானையும் சிவனைப் பூசித்து முக்தி பெற்றதாகத் தலபுராணம் சொல்லும் ஊர் காளஹஸ்தி. ஊரின் பெயரிலேயே பாம்பு இருக்கிறது. ஆனால் பரிகாரம் முடித்து வீடு திரும்பியவர் கொல்லையில் ஒரு சாரைப்பாம்பைக் கண்டால் முதலில் தேடுவது கம்பைத்தான். கும்பிடுவது, அடிப்பது என்ற இந்த இரண்டு பழைய உறவுகளோடு நகரங்களில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: வளர்ப்பது.

வளர்க்க விரும்புகிறவர்களின் செல்லம், மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தான். பெயரில் இருக்கும் 'பால்' பந்துதான். பயந்தால் பந்துபோல் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும். நஞ்சில்லை. குரைக்காது, சோபாவைக் கிழிக்காது, வாரத்துக்கு ஒரு எலி போதும். சட்டையை முழுசாக உரித்துவிட்டுப் புதுப் பளபளப்போடு அது வெளியே வருவதைப் பார்ப்பவர்களுக்கு அலுப்பதில்லை. இந்த மகிழ்ச்சி பொய்யல்ல.

பொறுப்பு வேறு கணக்கு. கூண்டின் ஒரு பக்கம் வெப்பமாகவும் மறுபக்கம் சற்றுக் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். மின்வெட்டு அதற்குத் தெரியாது. சில சமயம் மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடந்து வளர்ப்பவரைக் கலங்கடிக்கும். தொட்டால் கை கழுவ வேண்டும், ஊர்வனவற்றின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். நல்ல பராமரிப்பில் 20, 30 ஆண்டுகள் வாழும். கல்லூரிப் பருவத்தில் வாங்கியவருக்குக் கல்யாணமாகி, அவர் குழந்தை கல்லூரிக்குப் போகும்போதும் அது உயிரோடு இருக்கும். இத்தனைக்கும் அது நாயைப் போல யாருக்காகவும் வாசலில் காத்திருக்கப் போவதில்லை.

பாங்காக்கிலிருந்து வரும் விமானங்கள் இந்த ஆசையின் அளவைக் காட்டுகின்றன. 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பைகளில் 45 பால் பைத்தான்கள் இருந்தன. அதே ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பெண் பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும். உள்நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருக்க 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. முதல் அட்டவணையில் உள்ள மலைப்பாம்பைப் பிடித்து வளர்த்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் விதிகள் வந்தன.

தமிழ்நாட்டில் சட்டப்படி பாம்பைப் பிடித்து வைத்திருப்பவர்கள் என்று சொல்ல வேண்டுமானால் இருளர்களைச் சொல்லலாம். தோலுக்காகப் பாம்பு பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டதும் பிழைப்பு போயிற்று. ராமுலஸ் விட்டேகரின் முயற்சியில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் அது இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் - இந்த நான்கும்தான் அங்கே விருந்தாளிகள். எத்தனை பிடிக்கலாம் என்று வனத் துறை அனுமதி தரும். வீடு என்பது மண்பானை. உள்ளே மணல், வாயில் துணி. வாரம் ஒரு முறையாக நாலு தடவை நஞ்சு எடுப்பார்கள். பிறகு மீண்டும் பிடிபட்டால் அடையாளம் தெரிவதற்காக வயிற்றுச் செதிலில் ஒரு சிறு வெட்டுக் குறி. அப்புறம் காட்டில் விட்டுவிடுவார்கள். ஏறக்குறைய ஒரு மாதம், அவ்வளவுதான். நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சில் பெரும்பகுதி பல பத்தாண்டுகளாக இந்தப் பானைகளிலிருந்துதான் போயிருக்கிறது. 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்ட நாட்டில் அது சின்ன விஷயமல்ல.

விடத் தெரியாதவர்களின் கதை அமெரிக்காவில் இருக்கிறது. செல்லமாக வாங்கிய பர்மிய மலைப்பாம்புகள் கையடங்காமல் வளர்ந்ததும் ஃபுளோரிடாவில் பலர் அவற்றைச் சதுப்பு நிலத்தில் விட்டார்கள். 1992இல் ஆண்ட்ரூ புயல் ஒரு வளர்ப்புக் கூடத்தை நாசமாக்கியதும் சேர்ந்துகொண்டது. எவர்கிளேட்ஸ் பகுதியில் பாம்புகள் பெருகின. அங்கே ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டதென்று 2012இல் வெளியான ஆய்வு சொன்னது. நாய்கள், பரிசுப் போட்டிகள் எல்லாம் முயன்று பார்த்த பிறகு, 2017 ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அழைத்தார்கள். தமிழ்நாட்டுக் காடுகளில் இல்லாத இனம் அது. ஆனாலும் முதல் இரண்டு வாரத்திலேயே 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. அவற்றில் ஒன்று, கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்தில் பதுங்கியிருந்த 16 அடிப் பெண் பாம்பு. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

பிடித்த இடத்தில் விடுவதும், அலுத்தபின் எங்கோ கொண்டுபோய் விடுவதும் ஒன்றல்ல. பெட்டியில் பால் பைத்தானை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர், இரவோடு இரவாக ஏரிக்கரையிலோ ஏர்பேட்டுப் பக்கத்துக் காட்டோரத்திலோ விட்டுவிடலாம் என்று நினைக்கக் கூடும். குளிருக்கோ கீரிக்கோ அது பலியாகலாம். பிழைத்துக்கொண்டால் இன்னும் ஆபத்து. வனத் துறையிடம் தகவல் சொல்லி ஒப்படைக்க வேண்டியதுதான். காகிதம் இல்லையே என்ற பயம் நியாயமானது. அந்தப் பயத்தை வாங்குவதற்கு முன்பே பட்டிருக்கலாம்.