சொறி விழுந்த எலுமிச்சையும் கிறிஸ்துமஸ் தோரணமும்

கொஞ்ச வருஷமா டிசம்பர் மாசம் வந்தா நகரத்து வீடுகள்ல ஒரு புது அலங்காரம் கண்ணுல படுது. ஆரஞ்சுப் பழத்தை வட்ட வட்டமா அரிஞ்சு காயவெச்சு, நூல்ல கோத்து, கிறிஸ்துமஸ் மரத்துல தொங்க விடுறாங்க. வெளிச்சம் பட்டா கண்ணாடி மாதிரி மின்னுது. பிளாஸ்டிக் ஜிகினாவுக்கு இது எவ்வளவோ மேல். ஆனா அதுக்கு வாங்குற பழத்தைப் பத்தி எனக்கு ஒரு கருத்து உண்டு. பளபளன்னு மெழுகு பூசி வர்ற வெளிநாட்டு ஆரஞ்சைக் கிலோ கணக்குல வாங்கி அரிஞ்சு தொங்க விடவேண்டியதில்லை. சந்தையில கழிச்சுப் போடுற பழமே தோரணத்துக்குப் போதும்.

எங்க தொப்பம்பட்டிப் பக்கம் இந்தப் பேச்சை எடுத்தா, பெரியவங்க முதல்ல கேக்குறது இதைத்தான்: "திங்கிற பொருளை எதுக்குப்பா தொங்க விடணும்?" நியாயமான கேள்வி. விளைவிக்கிறவனுக்குத்தான் அந்த வலி தெரியும். அதே சமயம், விளைஞ்சதைத் தொங்க விடுறது நமக்கும் புதுசில்லை. கல்யாணப் பந்தல்ல குலையோட வாழை கட்டுறோம். பொங்கலுக்குக் காப்புக் கட்ட பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை சொருகுறோம். அறுவடை முடிஞ்சதும் நெல்லுக்கதிரைக் குஞ்சமாப் பின்னி வாசல்ல தொங்கவிடுற பழக்கம் இருந்துச்சு. வீட்டுக்கு அழகு, சிட்டுக்குருவிக்குத் தீனி. தொங்க விட்டது ஏதோ ஒரு வாய்க்குப் போய்ச் சேர்ந்துச்சு. வீணாப்போகக் கூடாதுங்கிறதுதான் அதுல இருக்கிற கணக்கு.

கிறிஸ்துமஸ் மரமும் ஆரம்பத்துல அப்படித்தான். ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துல 1605ல எழுதின ஒரு குறிப்புல, வீட்டுக்குள்ள வெச்ச மரத்துல ஆப்பிளும் காகிதப் பூவும் தொங்கவிட்டதாச் சொல்லியிருக்கு. கண்ணாடி உருண்டை வந்ததைப் பத்தி அந்தப் பக்கமே ஒரு கதை உண்டு. 1858ல கடும் வறட்சியாம், ஆப்பிள் காய்க்கலையாம். மரம் வெறுமையா நிக்குதேன்னு கண்ணாடி ஊதுற ஒருத்தர் ஆப்பிள் மாதிரியே கண்ணாடியில உருண்டை செஞ்சாராம். இன்னிக்குக் கடையில வாங்குற பிளாஸ்டிக் பந்துக்கெல்லாம் மூலம், வறட்சியில விளையாமப் போன பழம்னு நினைச்சா விவசாயிக்கு ஒரு மாதிரி இருக்கும்.

இப்ப எலுமிச்சைக்கு வர்றேன். எங்க மாவட்டத்துல சிறுமலையிலயும் அடிவாரத்துலயும் எலுமிச்சை உண்டு. சமவெளியில என்னை மாதிரி வரப்போரமா நாலு மரம் வெச்சிருக்கிறவங்களும் உண்டு. 2022 ஏப்ரல்ல எலுமிச்சை கிலோ 200 ரூபாயைத் தாண்டினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பத்திரிகையெல்லாம் எழுதுச்சு. அதே எலுமிச்சை மழைக்காலத்துலயும் மார்கழிக் குளிர்லயும் கேட்க ஆளில்லாமக் கிடக்கும். ஜூஸ் குடிக்கிறவங்க குறைவு, வரத்து அதிகம். சில வருஷம் பறிப்புக் கூலிக்கே கட்டாது, மரத்தடியில உதிர்ந்து கிடக்கும்.

அதுல சொறி நோய் வேற. பாக்டீரியாவால வர்றது. மழையும் காத்தும் சேர்ந்தா மரத்துக்கு மரம் தாவும். பழத்தோல்ல பழுப்பா, சொரசொரப்பா பொட்டுப் பொட்டா விழும். அது தோலோட சரி. உள்ள சாறும் புளிப்பும் அப்படியே இருக்கும், மனுஷனுக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனா சந்தையில தரம் பிரிக்கும்போது அந்தப் பழம் தனிக்கூடைக்குப் போயிடும். அரை விலை கிடைச்சாப் பெருசு.

அந்தக் கூடையில இருக்கிறதைத்தான் தோரணத்துக்குக் கேக்குறேன். வட்டமா அரிஞ்சா வெளியில தெரியுறது சுளையோட அடுக்குத்தான், சக்கரம் மாதிரி. சொறி ஓரத்துல ஒரு புள்ளியா ஒதுங்கிடும். பழுத்து மஞ்சளானதா எடுத்துக்கோங்க, பச்சைக்காய் காஞ்சா நிறம் மங்கிடும். அரை சென்டிமீட்டர் கனத்துக்கு அரிஞ்சு, ஈரத்தைத் துணியில ஒத்தி எடுங்க. நாங்க வத்தல் போடுற மாதிரிதான். கயித்துக் கட்டில்ல பழைய வேட்டியை விரிச்சுப் பரப்பி, தினம் ஒருவாட்டி திருப்பிப் போட்டு, பொழுது சாயுறதுக்குள்ள வீட்டுக்குள்ள எடுத்துடணும். பனி இறங்கினா பூசணம் பிடிக்கும். நல்ல வெயில்ல நாலஞ்சு நாள் ஆகும். வடகிழக்கு மழை விடாத ஊர்னா ஓவன்ல 100 டிகிரியில மூணு நாலு மணி நேரம் வெச்சு, நடுவுல திருப்பி விடுங்க. தொட்டா ஒட்டக்கூடாது, அதான் பதம். கோக்குறதுக்கு வாழைநார் போதும்.

ஆரஞ்சுதான் வேணும்னா பழத்தைச் சாப்பிட்டுடுங்க. தோல்ல நட்சத்திரம் வெட்டிக் காயவைங்க. பழம் வயித்துல, தோல் மரத்துல. சாயம் எதுவும் பூசாம வெச்சா பண்டிகை முடிஞ்சதும் அரைச்சுக் குளியல் பொடியில சேத்துக்கலாம்.

தோட்டத்துல கழிச்சதுன்னா பழத்தோட நிக்கவேண்டாம். வெண்டைக்காயை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கணும். ஒரு பறிப்பு தவறினா முத்திடும், யாரும் வாங்கமாட்டாங்க. அதைச் செடியிலயே காயவிட்டா வரிவரியா வெடிச்சு அழகா நிக்கும். முத்திக் காஞ்ச பீர்க்கங்காயைத் தோலுரிச்சு விதையை உதறி, குறுக்கால வில்லையா வெட்டிப் பாருங்க. படத்துல காட்டுற பனித்துளிப் பூ அப்படியே இருக்கும். பஞ்செடுத்த பருத்தி ஓடு, மூணாப் பிளந்த முருங்கை நெத்து எல்லாமே தோரணம்தான். எங்க ஊர்ல குடில் கட்டுற பசங்களுக்கு இதெல்லாம் காசில்லாமக் கிடைக்கும்.

தோரணத்தைக் கழட்டினதும் குப்பை வண்டியில போடாதீங்க, தொட்டி மண்ணுல புதைச்சா உரம். ஒண்ணே ஒண்ணு, சொறி விழுந்த பழத்தை எலுமிச்சை மரம் இருக்கிற இடத்துல மட்டும் போடவேண்டாம்.

இதனால எலுமிச்சை விவசாயி பணக்காரன் ஆயிடுவான்னு சொல்ல வரலை. வீட்டுக்கு ஒரு கிலோ, அதுவும் வருஷத்துக்கு ஒருமுறை, அதுல என்ன வந்துடப்போகுது? என் ஆசை வேற. இந்த அலங்காரத்தைப் பெரும்பாலும் பிள்ளைங்களோட உக்காந்துதான் செய்யுறீங்க. சொறி விழுந்த பழத்தை அந்தப் பிள்ளை கையால அரிஞ்சு, உள்ள ஒண்ணுமில்லைன்னு கண்ணால பார்க்கட்டும். நாளைக்கு அது வளர்ந்து கடைக்குப் போகும்போது, புள்ளி இருக்குன்னு பழத்தைத் தூக்கி எறியாது. நாங்க மரத்துக்கு மருந்தடிக்கிறதுல ஒரு பங்கு, தோல் பளபளன்னு இருக்கணும்னு நீங்க பார்க்கிற பார்வைக்காகத்தான். அந்தப் பார்வை மாறினா எங்க செலவும் குறையும், உங்க வயித்துக்குள்ள போற விஷமும் குறையும்.

இந்த வருஷம் காய்கறிக் கடையில கேட்டுப் பாருங்க: "அண்ணே, கழிச்ச எலுமிச்சை இருக்கா?" கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை, கேளுங்க. நாலு பேர் கேட்டாத்தான் அந்தக் கூடை எங்க ஊர்ல இருந்து லாரி ஏறும்.