ஒலிப்பதிவுக்கு எந்தப் பட்டம்?

ரே சார்லஸ், அரேத்தா ஃபிராங்க்ளின், ஜான் கோல்ட்ரேன் ஆகியோரை ஒலிநாடாவில் பிடித்த டாம் டௌட், இயற்பியல் பக்கமிருந்து வந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அணுகுண்டுத் திட்டத்துக்காக வேலை செய்தார். போர் முடிந்தபின் படிப்பைத் தொடரலாமென்றால், அவர் செய்ததோ ராணுவ ரகசியம். பாடத்திட்டமோ அதற்கு வெகுதூரம் பின்னால். ஸ்டூடியோவுக்குப் போய்விட்டார். அட்லாண்டிக் நிறுவனத்தின் மிக்சிங் மேசையிலிருந்த பெரிய திருகுக் குமிழ்களைக் கழற்றிவிட்டு, மேலும் கீழும் நகரும் ஃபேடர்களைப் பொருத்தினார். குமிழைத் திருக ஒரு முழுக் கை வேண்டும். ஃபேடருக்கு ஒரு விரல் போதும். பியானோ பழகியவருக்கு அது தோன்றியதில் வியப்பில்லை.

ஜெஃப் எமரிக் கல்லூரி வாசலையே மிதிக்காதவர். 1962-இல், 16 வயதில், லண்டன் இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் உதவியாளராகச் சேர்ந்தார். 1966-இல் பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ ஆல்பத்துக்கு அவர்தான் ஒலிப்பதிவாளர். ஜான் லெனனின் குரலை, ஆர்கனுக்கென்று செய்த சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியே செலுத்தியபோது எமரிக்கின் வயது 20. பட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் உடனே இவரைக் காட்டுவார்கள். ஆனால் சம்பளமும் கொடுத்துத் தொழிலும் சொல்லித்தந்த அப்படிப்பட்ட ஸ்டூடியோக்கள் இன்று எத்தனை? தவிர, எமரிக்கின் பக்கத்திலிருந்த தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் கில்ட்ஹால் இசைப் பள்ளியில் படித்தவர்.

இசை, இயற்பியல் இரண்டையும் ஒரே ஆளுக்குப் புகட்டும் ‘டோன்மைஸ்டர்’ படிப்பை ஜெர்மனியின் டெட்மோல்ட் நகரில் 1949-இலேயே தொடங்கிவிட்டார்கள். இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகம் 1970-இல் அதைப் பின்பற்றியது. அங்கே படிப்பின் நடுவே ஓராண்டு வெளியே வேலைப் பயிற்சியும் உண்டு.

இசையையும் இயற்பியலையும் இப்படிச் சேர்த்துப் படிப்பதுதான் சரியான வழி. எந்தப் பட்டன் எங்கே என்பது ஸ்டூடியோவில் உட்கார்ந்தால் தானாக வந்துவிடும். மென்பொருளும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வைத்தால் நாதம் ஏன் சில சமயம் மெலிந்துபோகிறது? ஒலி இரண்டையும் வெவ்வேறு கணத்தில் எட்டுகிறது. அலைகள் ஒன்றையொன்று அழிக்கின்றன. இதை ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டு யாரும் வகுப்பெடுக்க மாட்டார்கள். ஸ்ருதி அரை இழை விலகுவதைக் காது பிடிக்கவும் தனிப் பயிற்சி தேவை.

படிப்பைப் பின்னால் பார்த்துக்கொள்வதும் உண்டு. பிரின்ஸின் ‘பர்ப்பிள் ரெயின்’ ஆல்பத்தில் பணியாற்றிய சூசன் ரோஜர்ஸ், ஸ்டூடியோ வாழ்க்கையை முடித்துக்கொண்டு மெக்கில் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். எல்லோருக்கும் அது வாய்க்காது.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் சவுண்ட் இன்ஜினியரிங் விளம்பரத்தில் மின்னும் மேசையைப் பார்த்து மயங்க வேண்டாம். பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒலியியல், மின்னணுவியல், செவிப் பயிற்சி மூன்றும் அதில் இல்லையென்றால், அந்தப் பணத்தைக் கட்டுவதைவிட பி.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்து, மாலையில் பாட்டு வாத்தியாரிடம் போவது மேல்.