வரைபடத்திலேயே வழி வேண்டும்



மண்டபமோ மாடி வீடோ எழுப்ப நினைக்கையில் நாம் முதலில் எண்ணுவன அறைகள் எத்தனை, செலவு எவ்வளவு என்பனவே. தீப்பற்றினால் உள்ளிருப்போர் எவ்வழியே வெளியேறுவர் என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற்கூடத்துக் கீற்றில் பற்றிய தீ, மேல்மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவிற்று. இறங்குவதற்கு இருந்ததோ குறுகிய படிக்கட்டு. 94 குழந்தைகளை நாம் இழந்தோம்.

தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள், 18.30 மீட்டருக்கு மேல் எழும்பும் கட்டடத்தை உயரமான கட்டடம் என வகுத்து, திட்ட அனுமதிக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றையும் கேட்கின்றன. நன்றே. ஆயினும் அப்பள்ளி அத்துணை உயரமுடையதன்று. ஆகவே, சட்டம் கேட்கும் தாளோடு நம் கடமை முடிவதில்லை.

விண்ணப்பிக்குமுன் வரைபடத்தை விரித்து வைத்துப் பொறியாளரிடம் கேட்போம்: இரண்டாவது படிக்கட்டு எங்கே? மண்டபத்துக் கதவுகள் வெளிப்புறமாகத் திறக்குமா? சமையற்கூடத்தைக் கடவாமல் வெளியேற இயலுமா? தீயணைப்பு வண்டி வாசல்வரை வருமா? தண்ணீருக்கு வழி என்ன?

தாளில் ஒரு கோட்டை அழித்து வரைவது எளிது. சுவர் எழும்பிய பின்னர் இடித்துக் கட்ட எவருக்கும் மனம் வாராது. அடுத்த வரைபடம் நம் கைக்கு வரும்போது, அக்குழந்தைகளை நினைந்து, கையொப்பமிடுமுன் வெளியேறும் வழியைத் தேடிப் பார்ப்போமாக.