தலைகளை எண்ணிப் பாருங்கள்

விஸ்காம் சேர வரும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் மனதில் சினிமாதான் இருக்கிறது. இதழியலுக்கு வருகிறவர்கள் மனதில் டிவி விவாத மேடை. இரண்டிலும் தப்பில்லை. பதினெட்டு வயதில் கேமரா மீது ஆசை வருவது நல்ல விஷயம். எனக்கு வருத்தம் தருவது வேறு. மூன்று வருடம் படித்து முடிக்கும் ஒரு பிள்ளை, தன் ஊராட்சி அலுவலகப் படியை ஒருமுறைகூட மிதிக்காமல் ஊடகத்தில் பட்டம் வாங்கிவிட முடிகிறது. ஊடகக் கல்வியில் முதலில் சரிசெய்ய வேண்டிய குறை இதுதான் என்று நினைக்கிறேன்.

பத்திரிகை வேலைக்கு நடுவே பல வருடங்களாகக் கல்லூரிகளில் வகுப்பெடுத்து வருகிறேன். கேமரா, லைட்டிங், எடிட்டிங் இவற்றையெல்லாம் இன்றைய பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் வேகம் எனக்கு ஆச்சரியம்தான். முதல் செமஸ்டர் முடிவதற்குள் குறும்படம் எடுத்துவிடுகிறார்கள். அதைப் பற்றிக் கவலையே இல்லை. அவர்கள் பயப்படுவது தியரி பேப்பருக்கு.

தியரி வேண்டாம் என்று சொல்கிற ஆள் நானில்லை. அதை நடத்தும் விதம்தான் பிரச்சினை. யார் சொன்னார், என்ன சொன்னார், எந்த வழியாக, யாரிடம், என்ன விளைவு என்று ஹெரால்டு லாஸ்வெல் 1948இல் எழுதியதைப் பிள்ளைகள் வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள். அந்த ஐந்து கேள்விகளையும் தன் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு வதந்தியிடம் கேட்டுப் பார் என்றால் விழிக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த பாடம் ஒன்று உண்டு. 1940இல் அமெரிக்காவில் அதிபர் தேர்தல். ரூஸ்வெல்ட்டை எதிர்த்து வில்கி நிற்கிறார். பத்திரிகையும் ரேடியோவும் வாக்காளர் மனதை எப்படி மாற்றுகின்றன என்று பார்க்க, ஓஹியோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்துக்குப் போனது பால் லாசர்ஸ்ஃபெல்டின் ஆய்வுக்குழு. சுமார் 600 பேரை மாதந்தோறும் சந்தித்து விசாரித்தார்கள். பிரசாரத்தால் கட்சி மாறியவர்கள் மிகக் குறைவு. பத்திரிகை, ரேடியோவைவிடப் பக்கத்து வீட்டுக்காரர், உடன் வேலை செய்பவர், வீட்டில் விவரம் தெரிந்தவர் என்று மனிதர்கள் பேசிய பேச்சுக்குத்தான் செல்வாக்கு அதிகம் இருந்தது. செய்தி முதலில் ஊரில் விவரமான சிலரிடம் போய், அவர்கள் வழியாக மற்றவர்களுக்குப் போகிறது என்ற கருத்து 1944இல் வந்த அவர்களுடைய புத்தகத்தில் பிறந்தது. இரண்டு கட்டப் பரவல் என்று நம் பாடத்திட்டத்தில் பத்து மார்க் கேள்வியாக இருப்பது இதுதான்.

இதை நடத்தும்போது நான் கரும்பலகையில் அம்புக்குறி போடுவதில்லை. காலை ஆறரை மணிக்கு டீக்கடைக்குப் போய் உட்காரச் சொல்கிறேன். ஒரே ஒரு தினத்தந்தி. தாள் தாளாகப் பிரிந்து நான்கு பெஞ்சுக்குப் போயிருக்கும். ஒருவர் சினிமாப் பக்கத்தை முடித்துவிட்டு எதிரே இருப்பவரிடம் கொடுத்து மாவட்டச் செய்தியை வாங்குவார். ஒருவர் தலைப்பை மட்டும் சத்தமாகப் படிப்பார். படிக்காத பெரியவர் ஒருவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். கவனிக்க வேண்டியது அடுத்த நொடியைத்தான். செய்தியை வாசித்து முடித்ததும் எல்லோரும் ஒரு ஆளின் முகத்தைப் பார்ப்பார்கள். ஓய்வுபெற்ற வாத்தியாரோ, ரைஸ்மில் கணக்கரோ, கட்சிக்காரரோ. அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் அந்தக் கடையில் அன்றைய செய்தி. சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் அந்தப் பத்திரிகையைத் தொடங்கியபோது பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் நின்று எழுதச் சொன்னதன் பலனை இந்த பெஞ்சில் பார்க்கலாம். எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் படிக்கிறார், படிக்காதவருக்கும் கேட்டால் புரிகிறது. இன்று அதே வாத்தியார் வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினாகவும் இருக்கக்கூடும். அதையும் பிள்ளைகளே கண்டுபிடித்து எழுதி வருகிறார்கள். அதன்பிறகு லாசர்ஸ்ஃபெல்டை அவர்கள் மறப்பதில்லை.

நம் ஊர் ஊடக வரலாறும் இப்படித்தான் பாடத்தின் ஓரத்தில் கிடக்கிறது. மார்க்கோனியைத் தெரிந்த பிள்ளைக்கு, 1924இலேயே சென்னையில் ஒரு ரேடியோ கிளப் ஒலிபரப்பு நடத்தியது தெரியாது. பணமில்லாமல் அது நின்றுபோக, 1930இல் சென்னை மாநகராட்சியே ஒலிபரப்பை எடுத்து நடத்தியது. ஒரு நகராட்சி அமைப்பு மக்களுக்காக ரேடியோ நடத்திய ஊர் இது! அதே ஊரில் 2004 பிப்ரவரி 1ஆம் தேதி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலி தொடங்கியது. அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புதான் அதற்கு வாசல் திறந்தது. இன்று பல கல்லூரிகளில் இப்படி வானொலி இருக்கிறது. ஆனால் சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப விதி இடம் தரவில்லை. இதழியல் துறை இருக்கும் கல்லூரியின் வானொலியில் அந்தத் துறை மாணவர் திரட்டிய செய்தியை வாசிக்க முடியாது. இந்த விதி மாற வேண்டும் என்று ஒவ்வொரு மேடையிலும் சொல்லி வருகிறேன். இங்கேயும் சொல்கிறேன்.

இப்போது கிராம சபைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு நாள் கூட வேண்டிய சபை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் எழுந்து கேள்வி கேட்கலாம். செய்தி எழுதப் பழகுவதற்கு இதைவிட நல்ல களம் எனக்குத் தெரியாது. இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் வேலை எளிமையானது. சொந்த ஊர் கிராம சபைக்குப் போ. ஆரம்பத்தில், நடுவில், முடிவில் என்று மூன்று தடவை தலைகளை எண்ணு. யார் பேசினார்கள், யாரைப் பேச விடவில்லை என்று குறித்துக்கொள். கடைசியில் வருகைப் பதிவேட்டைப் பார்க்கக் கேள்.

எண்ணச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்று விதி இருக்கிறது. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300. ஒரு மாணவியின் ஊருக்கு 200 பேர் தேவை. அவள் எண்ணியதில் அதிகபட்சமே அறுபத்துச் சொச்சம். கூட்டம் கலைந்த பிறகு பதிவேடு நூறுநாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போனதையும் பார்த்திருக்கிறாள். ஊராட்சிச் செயலரிடம் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. "எல்லா ஊர்லயும் இப்படித்தாம்மா. படிக்கிற புள்ள, உனக்கு எதுக்கு இது?" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

இரவு போன் செய்தாள். "சார், போலிக் கையெழுத்துன்னு தலைப்பு வைக்கலாமா?"

வைக்காதே என்றேன். போலிக் கையெழுத்தை நீ பார்த்தாயா? பார்க்கவில்லை. நோட்டு போனதைப் பார்த்தாய், தலைகளை எண்ணினாய், விதி என்ன என்று உனக்குத் தெரியும். அந்த மூன்றை எழுது. நாளை மறுபடி செயலரிடம் போய், இன்னதை எழுதப் போகிறேன், உங்கள் தரப்பு என்ன என்று கேட்டு அதையும் சேர்த்து எழுது. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எங்கம்மாவும் அங்கதான் சார் நூறுநாள் வேலைக்குப் போறாங்க."

ஊடக அறம் என்று ஒரு தாளே இருக்கிறது. அதில் கோட்பாடுகளின் பட்டியல் வரும். அந்தப் பிள்ளை அன்றிரவு கேட்ட கேள்வி அதில் வராது. அம்மாவின் வேலைக்கு ஆபத்து வந்தால் என்ன செய்வது என்பதற்கு என்னிடமும் சட்டென்று பதில் இல்லை. வீட்டில் பேசிவிட்டு நீயே முடிவெடு, எழுதாவிட்டாலும் மதிப்பெண் குறையாது என்றேன். அவள் எழுதினாள். பார்த்தது, கேட்டது, விதி, செயலரின் பதில் என்று நான்கு பத்தி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு அந்தப் பதிவேட்டின் நகலுக்கும் மனுப் போட்டாள். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். அந்த ஒரு மாதத்தில் தபால்காரரை எதிர்பார்த்துக் காத்திருந்தாளே, அதுவும் இந்தப் படிப்பில் சேர்ந்ததுதான்.

தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடப்புத்தகங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. படிக்கும் பிள்ளைகளில் பலர் அரசுப் பள்ளியிலிருந்து, வீட்டின் முதல் பட்டதாரியாக வருகிறவர்கள். ஆங்கிலம் வரவில்லையே என்று மூன்று வருடமும் குறுகிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். படித்து முடித்து ஒரு தமிழ்ச் சேனலின் டெஸ்குக்குத் தேர்வெழுதப் போனால், அங்கே ஒரு செய்திக்குறிப்பைக் கொடுத்துத் தமிழில் ஆறு வரி எழுதச் சொல்கிறார்கள். தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கத் தெரியுமா என்று கேட்கிறார்கள். ஸ்க்ரோலில் ஒற்றுப்பிழை வந்தால் லட்சம் பேர் பார்ப்பார்கள். ஆங்கிலம் கட்டாயம் வேண்டும், மறுக்கவில்லை. தமிழில் தெளிவாக எழுதும் பயிற்சி தானாக வரும் என்று துறைகள் விட்டுவிடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. அது தானாக வருவதில்லை. வாரம் ஒரு செய்தி எழுதி, ஆசிரியர் சிவப்பு மையில் திருத்தி, மறுபடி எழுதினால்தான் வரும்.

அட்மிஷன் நேரத்தில் பெற்றோர்கள் என்னிடம் எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்கிறார்கள். ஸ்டுடியோவைச் சுற்றிக் காட்டுவார்கள், பாருங்கள். பார்த்து முடித்ததும், மாணவர்கள் நடத்தும் லேப் ஜர்னலின் கடைசி இதழைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தேதியைப் பாருங்கள். உள்ளே ஆண்டுவிழாவும் சிறப்பு விருந்தினர் படமும் மட்டும் இருந்தால் இன்னொரு கல்லூரியையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கல்லூரி வாசலுக்கு வெளியே உள்ள பஸ் நிறுத்தம், பக்கத்து வார்டின் குடிநீர், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனுவோடு நிற்கும் ஆட்கள், இவற்றில் ஏதாவது ஒன்றை ஒரு மாணவர் தன் பெயர் போட்டு எழுதியிருந்தால், அந்த மாணவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். துறையைப் பற்றி அவரே சொல்லிவிடுவார்.